போட்டோ சொன்ன நல்ல செய்தி

என் நாத்தனாரைப் பற்றி வேறு யார் எழுதினாலும் நல்லபடியாகத்தான் எழுதுவார்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் தலை ஸ்கேன் எடுக்கிறவள், பொறுமைசாலி, நோயாளி மேல் எரிந்து விழாதவள், இத்தனை வருடச் சர்வீஸில் ஒரு புகார்கூட வாங்காதவள். எல்லாம் உண்மை. நானே அப்படித்தான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுதுவது நான் என்பதால் கொஞ்சம் கசக்கும். இனிப்பாக வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் போட்டோ. என் மகள் குழந்தையாக இருந்தபோது, "அத்தை, நீ ஆஸ்பத்திரியில என்ன பண்ற?" என்று கேட்டாள். "எல்லார் மண்டைக்குள்ளயும் போட்டோ எடுக்கிறேன்டி தங்கம்" என்றாள் இவள். அன்றிலிருந்து போட்டோ அத்தை. நாளடைவில் அத்தை உதிர்ந்துபோய் போட்டோ மட்டும் மிஞ்சியது. என் கணவர்கூட சொந்தத் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிறகு ஸ்கேன் எடுக்கிற படிப்பு படிக்கப்போகிறேன் என்றதும் மாமனார் தாம்தூம் என்று குதித்தார். பொம்பளைப் பிள்ளை ஷிப்டு வேலைக்குப் போவதாவது! மாமியார் வாயைத் திறக்கவில்லை. என் கணவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான்தான் நடுவில் போய் நின்றேன். "அவ படிக்கட்டும் மாமா. கொண்டுபோய் விடறது, கூட்டிட்டு வர்றது எல்லாம் என் பொறுப்பு" என்றேன். அப்படியே செய்தேன். வேலைக்குப் போன முதல் நாள் அவள் தலையை வாரிப் பின்னிவிட்டதும் நான்தான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், சொல்லிக்காட்டத்தான். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். நான் சொல்லிக்காட்டுவேன். அவளை நான் நாத்தனாராக நினைத்ததே கிடையாது, கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்தேன்.

அவள் வேலை பார்க்கும் அறை அவசரப் பிரிவின் கடைசியில் இருக்கிறது. கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே ஏ.சி. குளிரில் பெரிய வளையம் ஒன்று நிற்கும். அதற்குள் மேசை போய்ப் போய் வரும். மேசையில் படுத்திருப்பவரின் தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சை வைத்து, நெற்றியில் பட்டை போடுவாள். பிறகு தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு மைக்கில், "அசையாதீங்க, கண்ணை மூடிக்கோங்க, அவ்வளவுதான்" என்பாள். பைக்கில் விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கிய பெரியவர்கள், குடித்துவிட்டுச் சுவரில் முட்டியவர்கள், கட்டிலிலிருந்து உருண்ட குழந்தைகள், வாய் கோணிப்போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த வளையத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும்.

படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லக் கூடாது. சொல்வது டாக்டர் வேலை. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிற சொந்தபந்தத்துக்கு அதெல்லாம் புரியுமா? அவள் கதவைத் திறந்த உடனே அத்தனை பேரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் அவள் ஒரே வாக்கியத்தை வைத்திருந்தாள். "முடிஞ்சுது. படத்தை டாக்டர் பார்ப்பார்." மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும் அதே வாக்கியம், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே வாக்கியம், அதே குரல். ஆரம்பத்தில் இதற்காக வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

ஆளாளுக்குத் தலையை எடுத்துக்கொண்டு ஸ்கேனுக்கு வருவது அவளுக்குப் பிடிக்காது. டியூட்டி டாக்டர்களோடு அதற்காகவே மல்லுக்கு நிற்பாள். "டாக்டர், இந்தக் குழந்தை சிரிச்சுக்கிட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கு. இது மண்டையை எதுக்கு எடுக்கணும்?" என்பாள். "அவங்க அப்பா கத்தறார்மா" என்பார் டாக்டர். "அப்பா கத்தினா அப்பா தொண்டையைப் பாருங்க. குழந்தை மேல எதுக்குக் கதிரைப் பாய்ச்சணும்?" இப்படி ஒரு வாய். ஆனால் நிஜமாகவே தேவைப்பட்ட ஆள் என்றால், ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் மேசையைத் தயாராக வைத்திருப்பாள்.

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே இடித்துக்கொண்டாலும் போன் அவளுக்குத்தான் போகும். மயக்கம் வந்துச்சா, வாந்தி எடுத்தாங்களா, நடந்தது ஞாபகம் இருக்கா, ரத்தத்தை இளக்குற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா என்று வரிசையாகக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், "ஐஸ் வச்சு, நாளைக்கு வரைக்கும் கண்ணை எடுக்காம பாத்துக்கோங்க. இங்க வந்து கூட்டம் போடாதீங்க" என்று வைத்துவிடுவாள்.

தப்பித்தவறி சொந்தக்காரர் ஒருவருக்குப் படம் எடுக்க நேர்ந்து, அதில் ஒன்றும் இல்லை என்றால், கதவைத் திறந்து வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒன்று சொல்வாள்: "தேடித் தேடிப் பாத்தேன், மூளைன்னு ஒண்ணு அகப்படவே இல்ல." அவ்வளவுதான், எல்லோருக்கும் மூச்சு வந்துவிடும். ஏதாவது இருந்தால் அந்தக் கிண்டல் வராது. ஊருக்குச் சொல்கிற வாக்கியம்தான் வரும். என் அம்மா விழுந்தபோது, "படத்தை டாக்டர் பார்ப்பார் அண்ணி" என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் கூட உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் வந்து சொன்னது எல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் வீட்டுக்கு ரிப்போர்ட் என்பது அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தைதான்.

இனி என் கணவர் கதைக்கு வருகிறேன். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். ஒரே கார், ஒரே வாத்தியார், அவர்தான். நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிற தொழில். "கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா, அது என்ன எதிரியா, மிதிக்காதீங்க" என்று தூக்கத்தில்கூடப் பேசுவார். ஒருநாள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரை எடுக்கும்போது டிக்கிக் கதவு நழுவி அவர் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தார். போட்டோவுக்குப் போன் பண்ணினேன். வாந்தி என்றதும், "உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அன்றைக்கு அவளுக்குத்தான் டியூட்டி. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைப் பெயர் பதியச் சொல்லி வரிசைக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வரும்போது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"தேடித் தேடிப் பாத்தேன் அண்ணி. மூளைன்னு ஒண்ணு அகப்படவே இல்ல."

"அது கல்யாணம் ஆன மறுநாளே எனக்குத் தெரியும்டி" என்றேன். அவளும் சிரித்தாள். பின்னாலேயே ஸ்ட்ரெச்சரில் வந்த அவரும் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம். கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நெற்றி வீக்கத்துக்கு ஐஸ் வைத்து, தூங்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு போட்டோ எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தாள். லீவு நாளெல்லாம் இங்கேதான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்க மாட்டாள், அண்ணனையே பார்த்துக்கொண்டிருப்பாள். வயசாக ஆகப் பாசம் கூடுகிறது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டு இன்னொரு கரண்டி போட்டேன். அவள் போன் வந்தால் அவர் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். "அண்ணனும் தங்கச்சியும் அப்படி என்ன ரகசியம் பேசறீங்க?" என்று கேட்டால், "வண்டி சர்வீஸ் விஷயம்" என்பார். நடுவில் அவருக்குச் சில வார்த்தைகள் டக்கென்று வராமல் போயின. இண்டிகேட்டரை, "அதான்... அந்த... கண் சிமிட்டுமே, அது" என்றார். வயசு ஆச்சு தாத்தா என்று கேலி செய்தேன். ஏமாந்த சோணகிரி என்று யாரையாவது காட்ட வேண்டுமென்றால் என்னைக் காட்டலாம்.

ஒருநாள் காலையில் அவரிடம் கார் கற்றுக்கொள்கிற தையல்கடைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "அக்கா, சார் பேசிக்கிட்டே வந்தாரு. திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. வாய் ஒரு பக்கமா இழுக்குது, கை வெட்டி வெட்டி இழுக்குது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல அக்கா, ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்துட்டேன்." வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் குப்பைத் தொட்டியில் மோதி நின்றுவிட்டது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே அவசரப் பிரிவுக்கு ஓடினேன்.

அன்று போட்டோவுக்கு லீவு. வேறு ஒருவர் படம் எடுத்தார். சின்ன வயசு டாக்டர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"இதுக்கு முன்னாடி தலையில படம் ஏதாவது எடுத்திருக்காங்களாம்மா?"

"எடுத்திருக்கோம் டாக்டர். இங்கேயேதான். டிக்கிக் கதவு விழுந்தப்ப. அதுல ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொன்னேன்.

அவர் பழைய படத்தை எடுத்துப் புதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணும் இல்லைன்னு யாரும்மா சொன்னாங்க? இதே கட்டி அப்பவே இருந்திருக்கு. அப்ப சின்னது. இப்ப நல்லா வளர்ந்து, சுத்தி வீங்கியும் இருக்கு."

"யார் மண்டையைப் பாத்துச் சொல்றீங்க டாக்டர்? பேரைச் சரியாப் பாருங்க."

"பேர் சரியாத்தான் இருக்கு. அப்பவே அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. பெரிய டாக்டரைப் பாக்கச் சொல்லி, வண்டி ஓட்டக் கூடாதுன்னும் சொல்லி அனுப்பியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், போட்டோவுக்குத் தெரியும். ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியாது. பயம் வந்திருக்க வேண்டும், இல்லையா? முதலில் பயம் வரவில்லை. அசிங்கமாக இருந்தது. நாலு பேர் முன்னால் புடவை அவிழ்ந்த மாதிரி கூசிப்போனேன். கோபமெல்லாம் அப்புறம்தான் வந்தது, வந்தது போகவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போட்டோ ஓடிவந்தாள். வீட்டுத் துணியோடு, தலைகூட வாராமல். வராந்தாவில் ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே அவளை நிறுத்தினேன்.

"உனக்குத் தெரியுமா?"

"அண்ணி..."

"தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியும் அண்ணி." அழுதாள். "படம் வந்ததுமே டாக்டர் உள்ளே வந்து பாத்துட்டு அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு. அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவகிட்ட சொல்லிடாதேன்னான். அவளுக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவியைப் பிடுங்கிடுவா, ஸ்கூலை மூடிடுவா, அடுத்த படம் எடுத்துட்டு நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னான். ஒவ்வொரு வாரமும் போன் பண்ணிக் கெஞ்சினேன். நாளைக்கு, நாளைக்குன்னே தள்ளிட்டான். நோயாளி சொல்லாதேன்னா நாங்க வாயைத் திறக்கக் கூடாது அண்ணி. அது எங்க வேலையோட சட்டம்."

"சரி, சட்டம். ஒத்துக்கிறேன். வாயைத் திறக்காம இருந்திருக்கலாமே? படத்தை டாக்டர் பார்ப்பார்னு ஊருக்கெல்லாம் சொல்றதை எனக்கும் சொல்லியிருக்கலாமே? சொல்லாம இருன்னு உன் சட்டம் சொல்லுச்சு. வெளிய வந்து இடுப்புல கை வச்சுக்கிட்டு சிரிக்கச் சொன்னது எந்தச் சட்டம்டி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "டாக்டர் பார்ப்பார்னு சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சுடுமே அண்ணி. அதனாலதான்."

இதைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாமே விட்டுப்போயிற்று. வாய் தவறிச் சொல்லவில்லை, பதற்றத்தில் சொல்லவில்லை. எதைச் சொன்னால் நான் மறுபேச்சில்லாமல் நம்புவேன் என்று யோசித்து, அதைத் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கண்ணில் மண்ணைத் தூவுவது என்றால் இதுதான். வேறு யாராவது இருந்தால் இவ்வளவு சுலபமாக என்னை ஏமாற்றியிருக்க முடியாது.

வார்டில் அவருக்குத் தெளிந்த பிறகு அவரிடமும் கேட்டேன். "உன்கிட்ட சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?" என்றார்.

"விட்டிருக்க மாட்டேன். சாவியைப் பிடுங்கித்தான் இருப்பேன். பொண்டாட்டின்னு ஒருத்தி பின்ன எதுக்கு இருக்கா? அந்தத் தையல்கடைக்காரம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அவங்க வீட்டு வாசல்ல போய் என்ன சொல்லியிருப்பீங்க? அடுத்த படம் எடுத்துட்டு பக்குவமா சொல்றேன்னா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எனக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்று மட்டும் சொன்னார். அழுகையாக வந்தது. ஆனால் அழுதுகொண்டே அவர் கையில் மாத்திரையைக் கொடுத்துத் தண்ணீரை நீட்டினேன்.

புற்றுநோய்க் கட்டி இல்லை, எடுத்துவிடலாம் என்றார் ஆபரேஷன் செய்யும் டாக்டர். ஆனால் பேச்சு வருகிற இடத்தின் மேலேயே அழுத்திக்கொண்டிருக்கிறது என்றார். "அப்பவே வந்திருந்தா எங்களுக்குச் சுலபமா இருந்திருக்கும். இப்ப உயிருக்குப் பயம் கம்மி. பேச்சு எவ்வளவு திரும்பும்னு எடுத்த பிறகுதான் சொல்ல முடியும்."

உயிர் திரும்பியது. பேச்சு பாதிதான் திரும்பியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் முக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் நன்றாக வருகிறது. என் பெயர் வருவதில்லை. கையை நீட்டி, "இவ... இவ..." என்பார். காரை விற்றாயிற்று. ஸ்கூல் போர்டைக் கழற்றி மாடியில் போட்டாயிற்று. போட்டோ தினமும் வருகிறாள். அவர் அவளைப் பார்த்தால் முகம் மலர்கிறார், அதனால் கதவைத் திறந்துவிடுகிறேன். தேவையானதைப் பேசுவேன். மன்னிச்சுடுங்க அண்ணி என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறக்கவே சோம்பினார். இப்படி வந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மறுபடியும் அதே அவசரப் பிரிவு. ஸ்கேன் அறையில் போட்டோ இருந்தாள். அவர் தலைக்கு ஸ்பாஞ்சு வைத்து உள்ளே தள்ளினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மறுபடியும் வளர்ந்துவிட்டதா, ரத்தம் கசிகிறதா, அந்தப் பாதிப் பேச்சும் போய்விடுமா, இவரே போய்விடுவாரா?

அவள் வெளியே வந்தாள். கிண்டல் இல்லை, இடுப்பில் கை இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் சொன்னாள். "அண்ணி, ஒண்ணும் இல்ல. ரத்தம் இல்ல, வீக்கம் இல்ல, கட்டி இருந்த இடம் சுத்தமா இருக்கு. வயித்துக் கோளாறாத்தான் இருக்கும். சத்தியமா அண்ணி."

அந்த முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். நல்ல சேதி சொல்லுகிறபோதும் மனுஷி அழுவாள், மறைக்கிறபோதும் அழுவாள். இது எது என்று எனக்குத் தெரியவில்லை.

"டாக்டரைக் கூப்பிடு" என்றேன். டாக்டர் வந்து அதையே சொன்னார். "நீங்க இவகூட வேலை பாக்கறவர்தானே? வேற டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கோபப்படாமல் இன்னொருவரை அழைத்து வந்தார். அவரும் அதையே சொன்னார். நான் நகரவில்லை.

போட்டோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொந்தக்காரர் யாரையும் அவள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் விட்டதில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். "இது அன்னிக்கு இருந்தது. இது இன்னிக்கு. நீங்களே பாருங்க அண்ணி, என்னை நம்ப வேணாம், உங்க கண்ணால பாருங்க."

பார்த்தேன். சாம்பல், கறுப்பு, வெள்ளை. அந்தப் பக்கம் கொஞ்சம் வெளுப்பு, இந்தப் பக்கம் கொஞ்சம் கறுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் அவர் படுத்துக்கொண்டு என்னைத் தேடிக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்தப் படத்தில் என் புருஷன் பிழைப்பாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

"எனக்குப் படம் பாக்கத் தெரியாதுடி" என்றேன். "இத்தனை வருஷமா நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் எழுந்து அவரிடம் போய், நெற்றியிலிருந்த பட்டையைக் கழற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, முக்கி முக்கி, "என்ன... சொன்னா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கீங்கன்னு சொல்றா" என்றேன்.